முதல் வருடம் சட்டம் படிப்பவர்களுக்கு: தீர்ப்பு வாசிக்கப் பழகிய அனுபவம்

புதிதாகச் சேர்ந்தவர்கள் நிறைய பேர் "இத்தனை பக்கத்தை எப்படி மனப்பாடம் பண்றது" என்று கேட்கிறீர்கள். உங்கள் பயம் புரிகிறது. பள்ளியில் மனப்பாடம்தான் நம்மைக் கரை சேர்த்தது. இங்கே அது பாதி வழிக்குத்தான் கூட வரும்.

எங்களுக்கு ஒப்பந்தச் சட்டம் எடுத்த மேடம் கார்லில் வழக்கில் ஆரம்பித்தார். 1891-ல் ஒரு நிறுவனம் தன் 'ஸ்மோக் பால்' மருந்தைச் சொன்னபடி தினம் மூன்று வேளை, இரண்டு வாரம் பயன்படுத்திய பிறகும் இன்ஃப்ளுயன்ஸா வந்தால் 100 பவுண்டு தருவதாக விளம்பரம் கொடுத்தது. தன் வாக்கு உண்மை என்று காட்ட வங்கியில் 1,000 பவுண்டு போட்டிருப்பதாகவும் அதில் சொன்னது. திருமதி கார்லில் அப்படியே பயன்படுத்தினார், காய்ச்சலும் வந்தது, வழக்குப் போட்டு ஜெயித்தார்.

இதை ஒரு மாணவி தடங்கல் இல்லாமல் சொல்லி முடித்தாள். மேடம் பாராட்டிவிட்டு, "அந்த 1,000 பவுண்டு வரி மட்டும் விளம்பரத்துல இல்லன்னு வச்சுக்கோ. அப்பவும் ஜெயிப்பாங்களா?" என்றார். வகுப்பே அமைதி. "சரி, விளம்பரத்தையே பாக்காம மருந்தைப் பயன்படுத்தியிருந்தா?" யாருடைய நோட்டிலும் இதற்கு விடை இல்லை. மணி அடிக்கும் வரை அந்த இரண்டு கேள்விகளிலேயே நின்றோம். எந்தச் சங்கதி மாறினால் முடிவு மாறும் என்று தேடுவதுதான் இந்தப் படிப்பு என்று எனக்குப் பிடிபட்டது அன்றைக்குத்தான்.

அதன் பிறகு ஒரு சீனியர் அக்கா பக்கத்தில் உட்கார வைத்து வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். முதல் வாசிப்பில் பேனாவே எடுக்கக் கூடாது என்றார். யார், யார் மேல் வழக்குப் போட்டார், என்ன கேட்டார், கீழ் நீதிமன்றம் என்ன சொன்னது: இதுமட்டும் தெரிந்தால் போதும். அடுத்த வாசிப்பில், நீதிபதி முடிவு செய்தே ஆக வேண்டிய கேள்வி எது என்று ஒரே வரியில் எழுத வேண்டும். அந்த வரி வராவிட்டால் மேலே போகாதீர்கள். அது கிடைத்துவிட்டால் எந்தக் காரணம் முடிவைத் தாங்குகிறது (ரேஷியோ), எது போகிற போக்கில் சொன்னது (ஒபிடர்) என்பது கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிய ஆரம்பிக்கும். கார்லிலில் மூன்று நீதிபதிகளும் தனித்தனியாகக் காரணம் சொல்லியிருக்கிறார்கள். மூவரும் ஒத்துப்போகும் இடத்தைத் தேடிப் பாருங்கள், நல்ல பயிற்சி.

டார்ட் (ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் ஒருவர் செய்த தீங்குக்கு இழப்பீடு கேட்க வழி தரும் சட்டம்) பாடத்தில் டானஹியூ எதிர் ஸ்டீவன்சன் (1932) வரும். இஞ்சி பீர் புட்டிக்குள் நத்தை. வாங்கிக் கொடுத்தது தோழி என்பதால் குடித்தவருக்குக் கடைக்காரரோடு ஒப்பந்தம் கிடையாது, அதனால்தான் தயாரிப்பாளரைப் பிடிக்க வேண்டி வந்தது. மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் வந்த தீர்ப்பு. ஆனால் அந்தப் புட்டியில் நத்தை இருந்ததா என்பது எந்த நீதிமன்றத்திலும் நிரூபிக்கப்படவே இல்லை! மனுவில் சொன்னது உண்மை என்று வைத்துக்கொண்டால் சட்டப்படி பொறுப்பு உண்டா என்பதை மட்டும்தான் பிரபுக்கள் சபை (அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் போல இருந்தது) தீர்மானித்தது. பிறகு வழக்கு சமரசத்தில் முடிந்துவிட்டது. கைடு மட்டும் வாசிப்பவர்களுக்கு இது தெரியாமலே போய்விடும். அதனால்தான் ஒரு பாடத்துக்கு இரண்டு தீர்ப்பாவது முழுசாக வாசியுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

அந்தக் கால ஆங்கிலம், பள்ளியில் எந்த மொழியில் படித்து வந்தவரையும் திணறடிக்கும். வகுப்பில் முதலில் கை தூக்குபவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று எண்ணிக் குறுகிப் போகாதீர்கள்.

தேர்வுக்கு ஒரு மாதம் முன்பே பழைய வினாத்தாளிலிருந்து ஒரு ப்ராப்ளம் கேள்வியை (ஒரு கற்பனைச் சம்பவத்தைக் கொடுத்துத் தீர்வு கேட்பது) எடுத்து, நேரம் வைத்துக் கையால் எழுதி, பாடம் எடுப்பவரிடமே காட்டுங்கள். விதியை எழுதியதோடு நிறுத்தினீர்களா, கொடுத்த சங்கதிகளுக்குப் பொருத்தியும் காட்டினீர்களா என்று அவர் பார்த்துச் சொல்வார். மதிப்பெண்ணில் பெரும்பகுதி அந்தப் பொருத்தலுக்குத்தான்.