பேய் வந்ததும் எல்லாரும் சிரிச்சிட்டாங்க, என் குறும்படத்துல எங்க தப்பு?

ரேழிவாசி:

வணக்கம். ஒரு வயித்தெரிச்சல், கூடவே ஒரு கேள்வி.

கும்பகோணம் பக்கத்துல எங்க பாட்டி வீடு. திண்ணை, ரேழி, முற்றம், ரெண்டாம் கட்டு, கொல்லைல கிணறுன்னு பழைய காலத்து வீடு. விக்கறதா பேச்சு. அதுக்குள்ள அங்க ஒரு பேய்ப்படம் எடுத்துடணும்னு பொங்கல் லீவுல நாலு ராத்திரி கண்ணு முழிச்சு எடுத்தேன். செல்போன் கேமரா, ஒரு டிரைபாட், நடிக்க சித்தியும் சித்தி பொண்ணும். மொத்தச் செலவு 3,200 ரூபாய். பாதி பரோட்டாவுக்கே போச்சு.

கதை இதுதான். ஊர் வீட்டுக்கு ஒருத்தி தனியா வர்றா. அந்தக் கிணத்துல விழுந்து செத்த அத்தை ராத்திரி நடமாடறாங்க. படம் 7 நிமிஷம் 40 விநாடி. முதல் 2 நிமிஷம் பக்கத்து வீட்டு மாமி அத்தை செத்த கதையைச் சொல்றாங்க. அப்புறம் கொலுசுச் சத்தம், கதவு தானா ஆடுது, கிணத்து ராட்டினம் தானா சுத்துது, கண்ணாடியில நிழல். அஞ்சாவது நிமிஷம் அத்தை வெள்ளைப் புடவையில ரேழி கோடியில நிக்கறாங்க.

மொட்டை மாடியில வேட்டியைக் கட்டி, புரொஜெக்டர் வாடகைக்கு எடுத்து 11 பேருக்குப் போட்டுக் காட்டினேன். நான் படத்தைப் பாக்கல, அவங்க மூஞ்சியைத்தான் பாத்துட்டிருந்தேன். கொலுசு கேட்டதுமே மாமா பையன் "வந்துட்டாடா ஹீரோயின்"னான். அத்தை வந்ததும் மொத்தக் கூட்டமும் சிரிச்சுது, எட்டாங்கிளாஸ் படிக்கற வாண்டு உட்பட.

இதுல கொடுமை என்னன்னா, படம் முடிஞ்சு படி இறங்கும்போது கரண்ட் போச்சு. எங்க வீட்டு இன்வெர்ட்டர் பிடிக்க ஒரு நொடி ஆகும். அந்த ஒரு நொடியில சிரிச்ச அத்தனை பேரும் படியிலயே நின்னுட்டாங்க. யாரோ என் தோளை இறுக்கிப் பிடிச்சாங்க.

டேவிட் சாண்ட்பெர்க் எடுத்த 'லைட்ஸ் அவுட்' குறும்படம் மூணு நிமிஷம்கூட இல்ல, வசனமும் இல்ல. பத்து தடவைக்கு மேல பாத்துட்டேன். இன்னும் கடைசி ஷாட்ல வயித்தைக் கலக்குது. அதுல இருக்கற எது என் படத்துல இல்ல? தயவு பாக்காம சொல்லுங்க.

கத்திரி_குமார்:

சகோ, நீங்க குடுத்த லிங்க்ல உங்க படத்தை ரெண்டு தடவை பாத்தேன், ஒரு தடவை சத்தத்தோட, ஒரு தடவை சத்தம் இல்லாம. நான் கல்யாண வீடியோ எடிட்டர். தாலி கட்டற ஷாட்டுக்கு முன்னாடி எவ்வளவு நேரம் இழுக்கலாம்கறதுதான் என் பொழப்பே. அந்த உரிமையில பேசறேன்.

நீங்க சொன்ன படத்தையே எடுத்துக்குவோம். 2013-ல ஒரு ஆன்லைன் போட்டிக்காக சாண்ட்பெர்க் ஸ்வீடன்ல தன்னோட வீட்டுக்குள்ளயே எடுத்தது. நடிச்சது அவர் மனைவி லோட்டா லோஸ்டன். தூங்கப் போறவ நடை விளக்கை அணைக்கறா, கோடியில ஒரு உருவம் நிக்குது. விளக்கைப் போட்டா இல்ல. அணைச்சா இருக்கு. திரும்பவும் போடறா, அணைக்கறா. இந்த இடத்துல படம் நம்மைப் பயமுறுத்தறதைவிட நமக்குப் பாடம் நடத்துது. இருட்டுல அது இருக்கும், வெளிச்சத்துல இருக்காது. இதைச் சொல்ல உங்க மாமி தேவைப்படல, ஒரு சுவிட்ச் போதுமா இருக்கு. பாடம் மண்டையில ஏறினதும் ஒரு தடவை அணைக்கறா, அது பக்கத்துல வந்து நிக்குது.

அப்புறம் அவ சுவிட்சு மேல டேப் ஒட்டறா பாருங்க, படத்துலயே எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் அதுதான். நமக்குப் புரிஞ்சது அவளுக்கும் புரிஞ்சிருக்கு. "லூசு மாதிரி அங்கயே நிக்கறாளே"ன்னு திட்ட வழியில்ல. திட்ட முடியலன்னா அவகூடயே போய்த்தான் ஆகணும். கடைசியில படுக்கையில இருக்கா, பக்கத்து விளக்கு மினுக்குது, பிளக்கை அழுத்திச் சரி பண்றா, வெளிச்சம் நிலைச்சு நிக்குது. அப்பாடான்னு மூச்சு விடறோம். வெளிச்சம் இருந்தா பயமில்லன்னு சொல்லிக் குடுத்ததே அந்தப் படம்தானே? திரும்பிப் பாத்தா அது விளக்கு பக்கத்துலயே இருக்கு. அதுவே விளக்கை அணைக்குது. அதோட படம் முடிஞ்சது.

உங்க அத்தையால என்னவெல்லாம் முடியும்? கதவு, கண்ணாடி, ராட்டினம் எல்லாமே முடியுது. அப்போ பாக்கறவன் எதைப் பாத்து உஷாரா இருக்கணும்? எங்க நின்னா தப்பிக்கலாம்? தப்பிக்க ஒரு இடம் இருந்தாத்தானே அது பறிபோகும்!

இன்னொண்ணு. அத்தை நிக்கற ஷாட்டை எண்ணினேன். 146 ஃப்ரேம். விநாடிக்கு 24 ஃப்ரேம் கணக்குல 6 விநாடிக்கும் மேல. முதல் விநாடி திக்குன்னு இருக்கு. ரெண்டாவதுல கொசுவம் தெரியுது. மூணாவதுல தோள்ல ஊக்கு. நாலாவதுல அது உங்க சித்தி. யார்தான் சிரிக்க மாட்டாங்க? அதுலயும் செல்போன் தானா வெளிச்சத்தை ஏத்தியிருக்கு. எக்ஸ்போஷரை, அதாவது வெளிச்ச அளவை, பூட்டிட்டு எடுங்க. விளக்கு அத்தைக்குப் பின்னாடி முற்றத்துல இருக்கட்டும், வெறும் உருவம் மட்டும் தெரியும்.

மாமி நல்லா நடிச்சிருக்காங்க. ஆனா அந்த ரெண்டு நிமிஷத்தையும் வெட்டிடுங்க.

பழைய_பஞ்சாங்கம்:

பேய்க்கு என்னய்யா சட்டதிட்டம்? எப்ப வரும், எப்படி வரும்னு தெரியாததாலதான் அது பேய். சட்டம் பேசினா அது வக்கீல். தம்பி குமார், எங்க காலத்துல பனங்காட்டு வழியா ரெண்டாவது ஆட்டம் பாத்துட்டு நடந்து வருவோம். அந்தப் பயத்துக்கு எந்த எடிட்டர் வந்தார்?

கத்திரி_குமார்:

ஐயா, நீங்க அந்தப் பனங்காட்டுல ஒரு மைல் நடந்திருப்பீங்க. எங்களுக்கு மூணு நிமிஷம்தான் கையில இருக்கு. முழுநீளப் படம்னா ஒரு மணி நேரம் ஊரைச் சுத்திக் காட்டலாம்.

ஓசை_மீனா:

குமார் அண்ணா படத்தை வெட்டட்டும், நான் சத்தத்தைப் பத்திச் சொல்றேன்.

கொலுசை முதல்ல கழட்டுங்க. கொலுசுச் சத்தம் நம்ம ஆளுங்களுக்கு "இப்போ பேய் வரும்"னு போடற அறிவிப்பு மாதிரி ஆயிடுச்சு. சொல்லிட்டு வந்தா விருந்தாளிதானே.

உங்க பின்னணியில "ஊம்"னு ஒரு அடிக்குரல் ஓடுது. ஹெட்ஃபோன்ல பிரமாதம். ஆனா பாதிப் பேர் செல்போன் ஸ்பீக்கர்லதான் பாப்பாங்க, அந்தக் குட்டி ஸ்பீக்கர்ல அவ்வளவு கீழ்ச்சுருதி வரவே வராது. நீங்க உழைச்சது அவங்க காதுக்கே போகாது.

உங்ககிட்ட ஏற்கெனவே ஒரு சத்தம் இருக்கு, நீங்கதான் கவனிக்கல. கொல்லைப் பக்கம் சில்வண்டு. அது ஏறத்தாழ 4,000, 5,000 ஹெர்ட்ஸ்ல கத்தும், எந்த டப்பா ஸ்பீக்கர்லயும் கேக்கும். ஆள் கிட்டப் போனா சில்வண்டு சட்டுன்னு நிறுத்திடும். கிராமத்துல வளந்த யாருக்கும் இதை விளக்க வேண்டாம். படம் ஆரம்பிச்சதுலேர்ந்து அதை ஓட விடுங்க, கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க. ஒரே மாதிரி ஓடற சத்தத்தைக் காது மறந்துடும். அப்புறம் ஒரு இடத்துல நிறுத்துங்க. அந்த ஷாட்ல எதையும் காட்டவே வேண்டாம்.

இது புதுசு இல்ல. 1942-ல வந்த 'கேட் பீப்பிள்'ல ராத்திரி ஒருத்தி நடந்து போறா, பின்னாடியே இன்னொருத்தி. ரெண்டு பேரோட செருப்புச் சத்தமும் கேக்கும். ஒரு கட்டத்துல பின்னாடி வந்த சத்தம் மட்டும் நின்னுடும். அப்போதான் நமக்கு உதறும். அடுத்து புஸ்ஸுன்னு பிரேக் போட்டுக்கிட்டு ஒரு பஸ் வந்து நிக்கும். எல்லாரும் அந்த பஸ்ஸைத்தான் பேசுவாங்க. என்னைக் கேட்டா வேலை முழுக்க அந்த நின்ன செருப்புச் சத்தம்தான் பண்ணுது.

ரேழிவாசி:

மூணு பேருக்கும் நன்றி. (பஞ்சாங்கம் ஐயாவுக்கும்தான்.)

குமார் அண்ணா, படிச்சப்போ முதல்ல கோவம். ரெண்டு நாள் கழிச்சு பாட்டிகிட்ட பேசிட்டிருந்தப்போதான் உறைச்சுது. சின்ன வயசுலேர்ந்து பாட்டி ஒண்ணு சொல்லுவாங்க: ராத்திரி வாசல்ல யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டா மூணாவது தடவைக்குத்தான் பதில் சொல்லணும், பேய் ரெண்டு தடவைக்கு மேல கூப்பிடாது. நீங்க கேட்ட சட்டம் எங்க வீட்டுலயே இருந்திருக்கு. பாதி ஊருக்குத் தெரிஞ்சதை விளக்கவும் வேண்டாம்.

புதுப் படம் இப்படி. அவ தனியா படுத்திருக்கா. வாசல்ல ஒரு குரல். விரலை மடக்கறா, ஒண்ணு. சில்வண்டு ஓடிட்டே இருக்கு. ரெண்டு. சில்வண்டு நிக்குது. மூணாவது வருமா வருமான்னு காத்திருக்கா. வந்துட்டா மனுஷங்க, நிம்மதியா கதவைத் திறக்கலாம். மூணாவதும் வருது. ஆனா வாசல்லேர்ந்து இல்ல, வீட்டுக்குள்ள ரெண்டாம் கட்டுலேர்ந்து. அதே நேரம் கரண்ட் போகுது, இன்வெர்ட்டர் பிடிக்கற அந்த ஒரு நொடி. சித்தி இந்தத் தடவை படத்துலயே கிடையாது. கொஞ்சம் வருத்தத்துல இருக்காங்க.

கத்திரி_குமார்:

இது இது! ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் நடுவுல எவ்வளவு விடப் போறீங்க? 5 விநாடி தாண்டினா பாக்கறவன் "சரி, முடிஞ்சது"ன்னு நினைப்பான். அதுக்கு மேல ஒரு 4 விநாடி விடுங்க. அப்புறம், குரல் யாரு?

ரேழிவாசி:

பாட்டிதான். போனை எதிர்ல வச்சு என் பேரைக் கூப்பிடச் சொன்னேன். முதல் டேக் "சாப்பிட வா"ங்கற மாதிரி இருந்துது, அதையே வச்சுக்கிட்டேன். நேத்து ராத்திரி ஹெட்ஃபோன் போட்டு இடைவெளியைச் சரி பண்ணிட்டிருந்தேன். பாட்டி ஊர்ல, நான் சென்னையில. தெரிஞ்சும் ரெண்டாவது கூப்பிடலுக்கே திரும்பி "என்ன பாட்டி"ன்னுட்டேன்.

9 விநாடி விட்டிருக்கேன்.

பழைய_பஞ்சாங்கம்:

ரெண்டாவதுக்கேவா? விபூதி பூசிட்டுப் படும்மா.