செல்லோ–பியானோ பிற்பகல் கச்சேரி: மூடியை எவ்வளவு திறப்பது, எதை முதலில் வாசிப்பது?

கீழ்ஸ்தாயி:
எண்பது பேர் உட்காரும் அறை. மரத்தளம், மேடை கிடையாது, மேற்கே பெரிய ஜன்னல்கள். 180 செ.மீ. கிராண்ட் பியானோ. மாலை 4 மணிக்குத் தொடக்கம். இடைவேளை இல்லாமல் ஒரு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். இப்போதைய நிரல்: பீத்தோவன் ஏ மேஜர் சொனாட்டா (ஓபஸ் 69, அதாவது படைப்பு எண் 69), ஃபோரேயின் எலிஜி, டெபுஸி சொனாட்டா, கடைசியில் பிராம்ஸ் ஈ மைனர் (ஓபஸ் 38).

ஒத்திகையில் இரண்டு சிக்கல். பிராம்ஸின் கடைசி மூவ்மென்ட்டில் (பகுதியில்) செல்லோ காணாமல் போகிறது. பியானோ மூடியை, அதைத் தாங்கும் குச்சிகளில் குட்டைக் குச்சிக்கு இறக்கியும் பெரிய வித்தியாசம் இல்லை. அடுத்து, செல்லோவில் எஃப் சுரம் உறுமுகிறது. ஜி தந்தியில் மேலே போய் வாசித்தால் ரொம்ப மோசம். உட்காரும் இடத்தை மாற்றினால் சரியாகுமா? நிரலின் வரிசையும் சரிதானா?

இடைச்சுரம்:
முதலில் கணக்கு. ஓபஸ் 69 சுமார் 26 நிமிடம், எலிஜி 7, டெபுஸி 12, பிராம்ஸில் முதல் மூவ்மென்ட் ரிபீட்டையும் வாசித்தால் 27. வாசிப்பே 72 ஆகிவிட்டது. சுருதி சேர்ப்பது, கைதட்டல், எழுந்து வணங்குவதெல்லாம் சேர்ந்தால் 80-ஐத் தொடும். ஒரு பெரிய சொனாட்டா போயே ஆக வேண்டும்.

நானாக இருந்தால் ஓபஸ் 69-ஐ நீக்கிவிடுவேன். அதன் முதல் வரியைப் பியானோ துணையே இல்லாமல் செல்லோ தனியாக வாசிக்க வேண்டும். கை சூடேறும் முன்பே அதில் இறங்கினால் வில் நடுங்குவது கடைசி வரிசை வரை கேட்கும். பதிலாக பீத்தோவனின் ஈ ஃபிளாட் வேரியேஷன்களை (ஒரு மெட்டையே விதவிதமாக மாற்றி வாசிப்பது) போடுங்கள். மோட்ஸார்ட்டின் ‘மாயப் புல்லாங்குழல்’ ஆபராவில் வரும் ஒரு டூயட்டின் மேல் 1801-இல் எழுதியது. ஏழு வேரியேஷன், பத்து நிமிடம். பாட்டை இரண்டு கருவியும் பகிர்ந்துகொள்வதால் அறையின் சத்தம் எப்படியென்று இருவருக்கும் பிடிபட்டுவிடும்.

அடுத்து டெபுஸி, பிறகு பிராம்ஸ். ரிபீட்டோடு சேர்த்தே 49 நிமிடம். எலிஜியை நிரலில் அச்சடிக்காமல், கடைசியில் கூடுதலாக வாசிக்கக் கையில் வைத்திருங்கள். சி மைனர் ஒப்பாரியோடு ஆட்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டுமா என்பது உங்கள் மனசு.

டெபுஸியில் இரண்டாவது மூவ்மென்ட் நிற்காமல் மூன்றாவதுக்குள் போய்விடும். பக்கம் புரட்டுவது அங்கே வந்தால் மாட்டிக்கொள்வீர்கள். அந்தப் பக்கங்களை நகலெடுத்து, மூன்று தாளாக விரியும்படி ஒட்டிவிடுங்கள்.

மூன்றாம் பெடல்:
மூடியை இறக்கியும் பலன் இல்லை என்றீர்களே, காரணம் இதுதான். மூடி தடுப்பது பெரும்பாலும் மேல் ஸ்தாயியின் தெளிவை. கீழ் ஸ்தாயி ஒலிப்பலகையின் அடிப்பக்கத்திலிருந்தும் தரை வழியாகவும் எப்படியும் வந்துவிடும். செல்லோவை மூடி மறைப்பது அந்தக் கீழ்ப்பகுதிதான். ஆக, மூடியை இறக்கினால் பியானோவின் தெளிவு போகும், இரைச்சல் அப்படியே நிற்கும். இதில் இன்னொரு ஆபத்து, பியானிஸ்டுக்குத் தன் சத்தம் மங்கலாகக் கேட்பதால் இன்னும் அழுத்தி வாசிக்க ஆரம்பிப்பார்.

நெட்டைக் குச்சியே வைத்துக்கொண்டு இடது கையைக் குறையுங்கள். ஓபஸ் 38-இன் கடைசி மூவ்மென்ட் ஃபியூகாக (ஒரே மெட்டு ஒவ்வொரு குரலாக நுழைந்து துரத்தும் வடிவம்) தொடங்குகிறது. அங்கே இடது கை ஆக்டேவில் (ஒரு ஸ்தாயி இடைவெளியில் ஒரே சுரத்தை இரண்டாகப் பிடிப்பது) சுண்டுவிரல் மட்டும் சுரத்தைப் பிடிக்கட்டும், கட்டைவிரல் சும்மா தொட்டால் போதும். செல்லோவின் ஸ்தாயியில் போய் மோதுவது பெரும்பாலும் அந்தக் கட்டைவிரல் சுரம்தான். டிரிப்லெட் (மும்மூன்று சுரமாக வரும்) ஓட்டங்களில் பெடலை முழுக்க மிதிக்காமல் கால்வாசி அழுத்தி அடிக்கடி மாற்றுங்கள். ‘ஃபோர்ட்டே’ (பலமாக) என்று இருவருக்கும் ஒரே மாதிரி அச்சாகியிருந்தாலும் பியானோ அங்கே ‘மெட்ஸோ ஃபோர்ட்டே’ (ஓரளவு பலமாக)தான்.

இடது பெடலை மிதித்துச் சத்தத்தைக் குறைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது குரலின் நிறத்தை மாற்றும். டெபுஸியில் சில இடங்களுக்கு அழகு, பிராம்ஸுக்கு மருந்தல்ல. பியானோவுக்கு அடியில் ஒரு தடித்த கம்பளம் விரித்தால் தரையிலிருந்து எழும்பும் சத்தம் ஓரளவு அடங்கும்.

வில்நுனி:
மேலே சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், ஒரு நிபந்தனையோடு. சுவரில் திரைச்சீலை எதுவும் இல்லாமல், ஆளில்லாத அறையில் ஒத்திகை பார்த்து முடிவெடுக்காதீர்கள். எண்பது பேர் உட்கார்ந்தால் எதிரொலி கணிசமாகக் குறைந்துவிடும். மூன்றாவது வரிசையிலும் கடைசி வரிசையிலும் ஒருவரை மாற்றி மாற்றி உட்காரவைத்துக் கேட்கச் சொல்லுங்கள். செல்லோ வாசிப்பவரின் காதை இதில் நம்பவே கூடாது.

உட்காரும் இடம்: பியானோவின் வளைவுக்கு முன்னால், விசைப்பலகைப் பக்கமாகச் சற்று ஒதுங்கி, பியானோ விளிம்பிலிருந்து ஒரு மீட்டராவது முன்னே. வளைவுக்குள் நெருங்கினால் மூடியிலிருந்து வருவது நேராகக் காதில் விழும், சொந்தச் சத்தமே கேட்காது. கருவியின் முன்பலகை கேட்பவர்களைப் பார்க்கட்டும். வில்லைப் பிடிக்கும் வலது கை பியானிஸ்டின் கண்ணில் பட வேண்டும். தொடக்கமெல்லாம் அந்தக் கை எழும்புவதைப் பார்த்துத்தான். பார்க்க முடியாவிட்டால் நாற்காலியை அரை அடி நகர்த்துங்கள், கழுத்தைத் திருப்ப வேண்டாம்.

உள்ளே வெற்றிடமுள்ள மரப்பெட்டி மேடை, 20–25 செ.மீ. உயரத்தில் கிடைத்தால் விடாதீர்கள். எண்ட்பின் (செல்லோவின் அடியில் தரையில் ஊன்றும் கம்பி) வழியாக அதிர்வு பலகைக்குள் இறங்கி, சி, ஜி தந்திகளுக்கு உடம்பு கிடைக்கும். நாற்காலி, எண்ட்பின், ஸ்டாண்ட் மூன்றும் பெட்டி மேலேயே இருக்க வேண்டும். ஒன்றரை மீட்டர் சதுரமாவது வேண்டும். பலகை மெல்லிசாக இருந்தால் சலசலக்கும், முதலிலேயே வாசித்துப் பாருங்கள். எண்ட்பின் வழுக்காமல் இருக்க நாற்காலிக் காலில் மாட்டும் பட்டைதான் நம்பகம். ரப்பர் வட்டுக்கு அடியில் தூசி சேர்ந்தால் வழுக்கிவிடும்.

எஃப் உறுமுவது ‘உல்ஃப்’. கருவியின் உடல் தானாக அதிரும் சுரமும் தந்தியின் சுரமும் மோதுவதால் வருவது. செல்லோவில் பெரும்பாலும் ஈ-க்கும் எஃப் ஷார்ப்புக்கும் நடுவில் இருக்கும், எனவே இடம் மாறி உட்கார்ந்தால் போகாது. பிரிட்ஜுக்கும் (தந்திகளைத் தாங்கும் குதிரை) டெயில்பீஸுக்கும் (தந்திகளின் கீழ்முனையைப் பிடித்திருக்கும் துண்டு) நடுவில் ஜி தந்தியில் மாட்டும் பித்தளைக் குழாயை வாங்கி, மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நகர்த்திப் பாருங்கள். ஜி-யில் கேட்காவிட்டால் சி தந்தியில். முழுக்க ஒழிக்க முயன்றால் பக்கத்துச் சுரங்களும் ஊமையாகிவிடும். இரண்டு சுரத்துக்கு நடுவே தள்ளிவிட்டாலே போதும். அவசரத்துக்கு இடது முழங்காலால் கருவியை லேசாக நெருக்கலாம், அல்லது அந்த எஃப்பை டி தந்தியில் எடுக்கலாம். நல்லவேளை, பிராம்ஸின் எஃப் மேஜர் சொனாட்டா (ஓபஸ் 99) நிரலில் இல்லை!

கீழ்ஸ்தாயி:
நன்றி. வேரியேஷன்களுக்கு மாறிவிடுகிறோம். பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவர் காலை 9 மணிக்கு வருகிறார், அது போதுமா? ஏ சுரம் 440 ஹெர்ட்ஸா 442-ஆ என்றும் கேட்கிறார்.

கம்பிவேலை:
9 மணி ரொம்ப முந்தி. மேற்கு ஜன்னல் வெயில் உச்சிக்குப் பிறகுதான் உள்ளே வரும். சூடேறினால் எஃகுக் கம்பி நீண்டு சுருதி இறங்கும், அதுவும் எல்லாக் கம்பியும் ஒரே அளவில் இறங்காது. மதியம் 12 மணிக்கே திரைகளை இழுத்துவிட்டு, கச்சேரிக்கான விளக்குகளைப் போட்டுவைத்து, 1 மணிக்கு ஆரம்பிக்கச் சொல்லுங்கள். சுமார் ஒன்றரை மணி நேரம் ஆகும், அதுவரை அறையில் யாரும் வாசிக்கக் கூடாது. பியானோவை நகர்த்துவதாக இருந்தால் அதற்கு முன்பே நகர்த்திவிடுங்கள்.

இப்போது பியானோ எதில் நிற்கிறதோ அதிலேயே விடுங்கள். 440-க்கும் 442-க்கும் வித்தியாசம் 8 சென்ட்தான் (ஒரு சென்ட் என்பது அரைச்சுர இடைவெளியில் நூறில் ஒரு பங்கு). ஆனால் ஒரே நாளில் மொத்தப் பியானோவையும் ஏற்றினால் சாயங்காலத்துக்குள் நழுவும். செல்லோவுக்கு மாறிக்கொள்வது நிமிட வேலை.

செல்லோ சுருதி சேர்க்கும்போது ஏ மட்டும் வாங்கினால் போதாது. சுத்தமான ச–ப இடைவெளி 702 சென்ட், பியானோவில் 700. ஏ-யிலிருந்து டி, ஜி, சி என்று சுத்தமாக இறங்கினால் சி தந்தி பியானோவைவிட 6 சென்ட் கீழே நிற்கும். விரல் வைக்கும் சுரத்தைச் சரிக்கட்டலாம், திறந்த சி-யை முடியாது. டி மைனர் கார்டை மெல்லப் பிடிக்கச் சொல்லி ஏ, டி சேருங்கள். பிறகு ஜி, சி இரண்டையும் பியானோவில் தனித்தனியாகக் கேட்டுச் சரிபாருங்கள். பிரடையை (தந்தியைச் சுற்றும் திருகு) தொடாமல் டெயில்பீஸில் உள்ள சின்னத் திருகான ஃபைன் ட்யூனரிலேயே முடித்தால் 20 விநாடி.

மூன்றாம் பெடல்:
பியானோவுக்குப் பக்கம் புரட்ட ஆள் வைத்தால் அவர் பியானிஸ்டின் இடப்பக்கம், சற்றுப் பின்னால் உட்காரட்டும். எழுந்து நின்று, இடது கையால் தாளின் வலது மேல் மூலையைப் பிடித்துப் புரட்ட வேண்டும். டேப்லெட்டும் கால் பெடலும் என்றால் அந்தப் பெடல் வழுக்காமல் தரையில் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். சார்ஜ் முழுக்க இருக்கட்டும், அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள், ஒத்திகையிலும் அதையே மிதித்துப் பழகுங்கள். இடது பெடலிலிருந்து காலை எடுத்து அதை மிதிக்க வேண்டிய இடங்களை டெபுஸியில் முன்கூட்டியே குறித்துவையுங்கள்.