மறு: சுமை வெட்டா, சுமை உதிர்ப்பா?

வணக்கம்.

கணினித் துறையில் வழங்கும் 'லோட் ஷெட்டிங்' என்ற சொல்லுக்குத் தமிழில் 'சுமை வெட்டு' போதும், மின்வெட்டு எல்லாருக்கும் தெரிந்த சொல்தானே என்று எழுதியிருந்தீர்கள். தெரிந்த சொல் என்பதுதான் என் தயக்கமே. மின்கட்டமைப்பு மொத்தமும் சாயாமலிருக்கச் சில பகுதிகளை மட்டும் துண்டிப்பது அதன் உண்மையான பொருள் என்றாலும், மின்வெட்டு என்றதும் மனதில் வருவது இருட்டு மட்டும்தான். ஏபிஐ வழங்கியில், அதாவது செயலிகள் அனுப்பும் கோரிக்கைகளுக்குப் பதில் தரும் கணினியில், நாம் செய்வது வேறு. தாங்குகிற அளவுக்கு உள்ளே விட்டுவிட்டு மிச்சத்தை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறோம்.

ஏன் வாசலிலேயே? நொடிக்கு 100 கோரிக்கைகளை முடிக்கக்கூடிய ஒரு வழங்கியில் 1,000 கோரிக்கைகள் வரிசையில் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் நிற்பதற்குப் பதில் கிடைக்க 10 நொடி ஆகும், ஆனால் கேட்ட செயலியோ 5 நொடி பார்த்துவிட்டு இணைப்பை அறுத்துக்கொண்டு மறுபடியும் கேட்கிறது. அது வரிசையில் இன்னொரு கோரிக்கையாகச் சேர்கிறது, வழங்கியோ கேட்டவர் போனது தெரியாமல் பழையதற்கே உழைத்துக்கொண்டிருக்கிறது. சிபியு முழு வேகத்தில் ஓடும், யாருக்கும் பதில் போகாது. அதைவிட வந்த உடனே ஒரு 503 பிழைக் குறியீட்டை, எத்தனை நொடி கழித்து வரலாம் என்ற 'ரிட்ரை-ஆஃப்டர்' தலைப்போடு கொடுத்துவிட்டால் செலவு மிகக் குறைவு, உள்ளே இருப்பவர்களாவது பிழைப்பார்கள்.

'மட்டுப்படுத்தல்' என்று இன்னொருவர் சொன்னது சரிவராது, அது 'த்ராட்லிங்' (வேகத்தைக் குறைத்து விடுவது) பக்கம் போய்விடும். வீத வரம்பும் ('ரேட் லிமிட்', ஒருவர் இவ்வளவு நேரத்தில் இத்தனை முறைதான் கேட்கலாம் என்பது) வேறு சங்கதி. 2012-இல் வந்த 429 குறியீடு 'நீ அளவுக்கு மேல் கேட்கிறாய்' என்கிறது. 503 'இப்போதைக்கு என்னால் முடியவில்லை' என்கிறது. முன்னது கேட்பவரின் கணக்கு, பின்னது வழங்கியின் நிலைமை. மனுவைத் தள்ளுபடி செய்வது போல 'சுமைத் தள்ளுபடி' எனலாமா என்றும் யோசித்தேன், படிக்கிறவர் எத்தனை சதவீதம் என்று கேட்பார், விட்டுவிட்டேன்.

என் பரிந்துரை 'சுமை உதிர்ப்பு'. உதிர்வு என்றால் தானாக விழுவது, உதிர்ப்பு என்றால் வேண்டுமென்றே விழச் செய்வது. திணறிப்போன வழங்கியில் கோரிக்கைகள் காணாமல் போவது உதிர்வு, நாமே தேர்ந்தெடுத்துத் தள்ளுவது உதிர்ப்பு. தன்வினை, பிறவினை வேறுபாடே இங்கே பாதி விளக்கத்தைச் சொல்லிவிடுகிறது. 'வெட்டு', 'கழிப்பு' இரண்டிலும் இந்த வசதி இல்லை. (கழிப்புக்கு வேறு சங்கடமும் உண்டு.)

'தேர்ந்தெடுத்து' என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. முன்பொரு முறை நான் எழுதிய நிரல் எந்தப் பாகுபாடும் இல்லாமல் எல்லாவற்றையும் உதிர்த்தது, லோட் பேலன்சர் (கோரிக்கைகளைப் பல வழங்கிகளுக்குப் பங்கிட்டு விடுவது) ஒவ்வொரு வழங்கியும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அனுப்பும் நலச் சோதனை உட்பட. சரியான பதில் வராததால் அந்த வழங்கி செத்துவிட்டது என்று முடிவுகட்டி லோட் பேலன்சர் அதை ஒதுக்கிவிட்டது, அதன் பங்கு மற்றவற்றின் தலையில் ஏறியது, அப்புறம் அவையும் வரிசையாக ஒதுக்கப்பட்டன. நலச் சோதனையையும் பணப் பரிமாற்றத்தையும் கடைசிவரை உதிர்க்கக்கூடாது. பரிந்துரைப் பட்டியல், முன்கூட்டியே இழுத்து வைக்கும் தரவு போன்றவைதான் முதலில் உதிர வேண்டியவை. இதை 'முன்னுரிமைச் சுமை உதிர்ப்பு' எனலாம், சொல் நீண்டாலும் முறியவில்லை.

வினையாகவும் நிற்கிறதா என்று லாகில் (வழங்கியின் நிகழ்வுக் குறிப்பில்) எழுதிப் பார்த்தேன்: 'வரிசை நிறைந்தது, 312 கோரிக்கைகள் உதிர்க்கப்பட்டன'. 'வெட்டப்பட்டன' என்று போட்டால் ஏதோ கொலை நடந்த மாதிரி இருக்கிறது. 'உதிர்ப்பு வரம்பு', 'உதிர்ப்பு விகிதம்' எல்லாம் இடறாமல் வருகின்றன.

'சுமையுதிர்ப்பு' என்று சேர்த்து எழுதுவதா, பிரித்தா என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. தேடுபொறியில் 'சுமை' என்று தேடுபவருக்கும் அகப்பட வேண்டுமென்றால் பிரித்து எழுதுவதே நல்லது என்று படுகிறது. 'பேக்பிரஷர்' (தாங்க முடியாதபோது அனுப்புகிறவரையே மெதுவாக அனுப்பச் செய்வது) என்பதற்கு மட்டும் இன்னும் ஒன்றும் பிடிபடவில்லை, 'எதிரழுத்தம்' என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன், அதைப் பிய்த்துப் போடுங்கள்.