டிராப் ஷிப்பிங் தொடங்கும் முன் எதைச் சரிபார்த்தீர்கள்? உங்கள் அனுபவம்

பாத்திரக்கடை:
டிராப் ஷிப்பிங்கில் சரக்கை வாங்கி அடுக்காமல், வரும் ஆர்டரை சப்ளையருக்குத் தள்ளிவிட்டால் அவரே நேராக வாடிக்கையாளருக்கு அனுப்பிவிடுவார். அதை நம்பித்தான் இறங்கினேன். முதல் அடி ஸ்டாக்கில் விழுந்தது. சப்ளையர் தினமும் காலையில் ஒரு தடவை இருப்புப் பட்டியல் அனுப்புவார். அதே சரக்கை அவரிடமிருந்து இன்னும் பல கடைகள் விற்கின்றன என்பதை நான் யோசிக்கவே இல்லை. ஒரு நாள் மதியத்துக்குள் ஏழு ஆர்டர் வந்தது, ஐந்துக்குச் சரக்கு இல்லை. ஐந்து பேரையும் நானே போனில் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டுப் பணத்தைத் திருப்பினேன். அவர்களுக்கு சப்ளையர் யாரென்று தெரியாது, பணம் வாங்கியது நான்தானே. இப்போது பட்டியலில் ஐந்துக்குக் கீழே போனாலே என் தளத்தில் ‘இருப்பு இல்லை’ என்று மாற்றிவிடுகிறேன். சில விற்பனை போகிறது, போகட்டும்.

விளக்குக்கடை:
பாத்திரக்கடை அக்கா சொல்வது அத்தனையும் உண்மை. நான் கடை திறக்கும் முன்பே என் தங்கை பெயரில் ஒரு ஆர்டர் போட்டுப் பார்த்தேன். பெட்டியைப் பிரித்தால் உள்ளே சப்ளையரின் பில், அதில் எனக்குப் போட்ட மொத்த வியாபார விலை! வாடிக்கையாளர் கைக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கண்ணாடி விளக்குக்கு ஒற்றை அட்டைப்பெட்டி வேறு. பில் வைக்கக் கூடாது, என் கடைப் பெயரில் சீட்டு இருக்க வேண்டும், இரட்டைப் பெட்டி, அனுப்பிய அன்றே டிராக்கிங் எண் என்று நான்கையும் எழுத்தில் வாங்கிய பிறகுதான் தளத்தைத் திறந்தேன்.

துணிக்கடை:
ரிட்டர்னை யாரும் சொல்லவில்லையே. துணியில் அளவு சரியில்லாமல் திரும்புவது சகஜம். எங்கே அனுப்புவது என்று முன்பே பேசாததால் எல்லாம் என் வீட்டுக்கு வந்தது, அங்கிருந்து சப்ளையருக்கு மறுபடி கூரியர். இரண்டு செலவும் என் தலையில். அப்புறம், ஒரே ஆர்டரில் இரண்டு சப்ளையர் சரக்கு இருந்தால் இரண்டு பார்சலாகப் போகும். அதை வாங்குபவருக்கு முன்கூட்டியே சொல்லுங்கள், பாதிதான் வந்தது என்று பதறிவிடுகிறார்கள்.

பாத்திரக்கடை:
பணத்தையும் கவனியுங்கள். வாடிக்கையாளர் கட்டியது பேமென்ட் கேட்வேயிலிருந்து (ஆன்லைனில் நமக்காகப் பணம் வாங்கித் தரும் சேவை) என் கணக்குக்கு வரச் சில நாள் ஆகும், சப்ளையரோ அன்றே கேட்பார். அந்த இடைவெளிக்குக் கையில் பணம் வைத்துக்கொண்டே விளம்பரம் போடுங்கள்.