வேற்று நாட்டு மண்ணில் ட்ரோன் தாக்குதல்: எந்தச் சட்டத்தால் அளப்பது?

கேள்வி

2002 நவம்பரில் யேமனில் காரில் சென்றுகொண்டிருந்த ஆறு பேரை அமெரிக்காவின் ஆளில்லா விமானம் ஏவுகணை வீசிக் கொன்றது. போர்க்களத்துக்கு வெளியே நடந்த முதல் ட்ரோன் தாக்குதல் என்று பலரும் இதைக் குறிப்பிடுகிறார்கள். தற்காப்பு என்று ஒரு தரப்பும், விசாரணையற்ற கொலை என்று மறு தரப்பும் எழுதுகின்றன. இருவருமே பன்னாட்டுச் சட்டத்தைத் துணைக்கு அழைப்பதுதான் என்னைக் குழப்புகிறது. ட்ரோனுக்கே சட்டத்தில் தடை உண்டா? தாக்குதல் நடக்கும் நாடு சம்மதித்துவிட்டால் பிரச்சினை அத்தோடு தீர்ந்துவிடாதா?

பதில் 1

ட்ரோனுக்கெனத் தனித் தடை எதுவும் இல்லை. விமானி ஓட்டும் விமானத்திலிருந்து வீசப்படும் ஏவுகணைக்குப் பொருந்தும் விதிகளே இதற்கும் பொருந்தும்.

சம்மதத்தைப் பற்றிய உங்கள் கேள்விதான் முக்கியமானது. அந்த மண்ணில் படைபலத்தைப் பயன்படுத்தலாமா என்பது ஒரு கேள்வி. அந்த மனிதரைக் கொல்லலாமா என்பது வேறொரு கேள்வி. ஐ.நா. சாசனத்தின் உறுப்பு 2(4) பிற நாட்டின் மீது படைபலம் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. அந்நாட்டு அரசே சம்மதித்தால் இந்தத் தடை எழாது. ஆனால் தன் குடிமகனையே விசாரணையின்றிக் கொல்ல அதிகாரமில்லாத அரசு, தன்னிடம் இல்லாத அந்த அதிகாரத்தை இன்னொரு நாட்டுக்கு எப்படி வழங்க முடியும்? சம்மதம் முதல் கதவை மட்டுமே திறக்கும்.

சம்மதம் இல்லாத இடத்தில் உறுப்பு 51 கூறும் தற்காப்புரிமையைக் காட்டுவார்கள். அதற்கு ஆயுதத் தாக்குதல் நடந்திருக்க வேண்டும். நடக்கும் முன்பே தற்காத்துக்கொள்ளலாம் என்று வாதிடுவோர், 1837-இல் நிகழ்ந்த கரோலைன் கப்பல் விவகாரத்திலிருந்து பிறந்த அளவுகோலைக் காட்டுகிறார்கள். வேறு வழியும் யோசிக்க நேரமும் இல்லாத அளவுக்கு ஆபத்து நெருங்கியிருக்க வேண்டும் என்பது அதன் சாரம். 2020 ஜனவரியில் பாக்தாத் விமான நிலையம் அருகே ஈரானியத் தளபதி காசிம் சுலைமானி அமெரிக்க ட்ரோன் தாக்குதலில் கொல்லப்பட்டதை ஆராய்ந்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் ஆக்னஸ் கலமார், அத்தகைய உடனடி ஆபத்துக்குப் போதிய சான்று தரப்படவில்லை என்று கூறி, அது சட்டவிரோதம் என்ற முடிவுக்கு வந்தார். நாள்கணக்கில் ஒருவரை வானிலிருந்து பின்தொடரும் வசதி உள்ளவர், யோசிக்க நேரமில்லை என்று சொல்வது எனக்குச் சற்று விநோதமாகவே படுகிறது.

பதில் 2

மேலே எழுதியவரின் வாதத்தில் ஓர் இடைவெளி இருக்கிறது. ஆயுத மோதல் நடந்துகொண்டிருந்தால், எதிரிப் போராளியைத் தாக்க அவர் அந்த நொடியில் ஆபத்தானவர் என்று நிரூபிக்க வேண்டியதில்லை; உறங்கும் போர்வீரரையும் சட்டப்படி தாக்கலாம். எனவே முதலில் கேட்க வேண்டியது, ஆயுத மோதல் இருக்கிறதா என்பதே. அதை அரசுகளின் அறிவிப்பு தீர்மானிப்பதில்லை. முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான தீர்ப்பாயம் 1995-இல் தாடிச் வழக்கில், அரசுக்கும் ஆயுதக் குழுவுக்கும் இடையே நீடித்த ஆயுத வன்முறை இருக்க வேண்டும் என்றது; வன்முறையின் தீவிரம், குழுவின் அமைப்பு ஆகிய இரண்டையும் பின்வந்த தீர்ப்புகள் எடைபோட்டன. ஆப்கானிஸ்தானில் அது இருந்ததில் ஐயமில்லை. ஆனால் உலகம் முழுவதையும் ஒரே போர்க்களமாகக் கருதி, ஆயுதக் குழுவின் உறுப்பினர் எங்கே போனாலும் போரும் அவர் பின்னாலேயே போகிறது என்று வாதிடுவதைப் பெரும்பாலான சட்ட அறிஞர்கள் ஏற்பதில்லை. மோதல் இல்லாத இடத்தில் மனித உரிமைச் சட்டமே அளவுகோல். அங்கே உயிரைக் காக்க வேறு வழியே இல்லாதபோது மட்டுமே கொல்லலாம்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. ஆயுத மோதல் உண்டு என்றே வைத்துக்கொள்வோம். சீருடையில்லாத ஒருவர் போராளியா, சாதாரண மனிதரா என்பதை வானிலிருந்து யார் தீர்மானிப்பது?

பதில் 3

தாக்குபவரே தீர்மானிக்கிறார், அதனால்தான் சட்டம் அவர் மீது சுமையை ஏற்றுகிறது. ஜெனீவா ஒப்பந்தங்களின் 1977-ஆம் ஆண்டுக் கூடுதல் நெறிமுறை, ஐயம் எழுந்தால் ஒருவரைப் பொதுமக்களில் ஒருவராகவே கருத வேண்டும் என்கிறது. அந்த நெறிமுறையில் அமெரிக்கா சேரவில்லை. எனினும் வேறுபடுத்தல் (போராளியையும் பொதுமக்களையும் பிரித்தறிதல்), விகிதப்பொருத்தம் (ராணுவப் பயனை மிஞ்சும் பொதுமக்கள் சேதத்தைத் தவிர்த்தல்), முன்னெச்சரிக்கை ஆகிய அடிப்படை நெறிகள், நாடுகளின் நடைமுறையில் வேரூன்றி ஒப்பந்தமின்றியே பொருந்தும் வழக்காற்றுச் சட்டமாக அதையும் கட்டுப்படுத்துகின்றன. பெயர் தெரியாமல், நடமாட்டத்தின் போக்கை மட்டும் வைத்து ஆட்களைக் குறிவைக்கும் தாக்குதல்கள் இந்த இடத்தில்தான் இடறுகின்றன.

2021 ஆகஸ்ட் 29 அன்று காபூலில் ஒரு வெள்ளைக் காரை அமெரிக்கப் படையினர் ஏறத்தாழ எட்டு மணி நேரம் கண்காணித்த பிறகே ட்ரோனால் தாக்கினார்கள். இறந்த பத்துப் பேரும் பொதுமக்கள், அவர்களில் ஏழு பேர் குழந்தைகள் என்பதை அடுத்த மாதம் பென்டகன் ஒப்புக்கொண்டது. பின்னர் நடந்த உள் ஆய்வு போர்ச் சட்டம் மீறப்படவில்லை என்றது. பிழை வேறு, குற்றம் வேறு என்பதும், அந்த நேரத்தில் கட்டளையிட்டவருக்கு என்ன தெரிந்திருந்தது என்றே சட்டம் பார்க்கும் என்பதும் உண்மைதான். ஆயினும் தாக்கிய தரப்பே ஆய்வாளராகவும் இருக்கும்போது அந்த வேறுபாட்டை வெளியிலிருந்து சோதிக்க வழியில்லை.

பாதிக்கப்பட்டோர் வேறு நாட்டு நீதிமன்றத்தை நாடியதும் உண்டு. ஜெர்மனியில் உள்ள ராம்ஸ்டைன் என்ற அமெரிக்க விமானப்படைத் தளம் வழியாக ட்ரோன்களின் சமிக்ஞைகள் செல்வதை முன்வைத்து யேமனியர்கள் அந்நாட்டு அரசின் மீது வழக்குத் தொடுத்தனர். 2019-இல் மியூன்ஸ்டர் உயர் நிர்வாக நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2020-இல் மேல் நீதிமன்றம் அதை மாற்றியது. 2025 ஜூலையில் அரசியலமைப்பு நீதிமன்றம், வெளிநாட்டில் இருப்போரையும் பாதுகாக்கும் கடமை குறிப்பிட்ட சூழல்களில் ஜெர்மன் அரசுக்கு எழலாம் என்று கோட்பாட்டளவில் ஏற்றுக்கொண்டு, இந்த வழக்கில் அந்த நிபந்தனைகள் நிறைவேறவில்லை என்று மனுவைத் தள்ளுபடி செய்தது.