தைராய்டு ரிப்போர்ட் பாத்து குழம்பினவங்க உங்க அனுபவத்த இங்க சொல்லுங்க

மழைத்துளி:
டாக்டர் சீட்டு இல்லாம நானா போய் பிரைவேட் லேப்ல தைராய்டு டெஸ்ட் குடுத்தேன், ராத்திரி போன்ல ரிப்போர்ட் வந்துச்சு, டிஎஸ்ஹெச் (தைராய்டு சுரப்பிய வேலை செய்யச் சொல்ற ஹார்மோன்) 0.08னு போட்டு சிவப்புல கீழ பாத்த அம்புக்குறி, ஃப்ரீ டி4-க்கு (தைராய்டு சுரக்குற ஹார்மோன்) மேல பாத்த அம்புக்குறி. நெட்ல தேடினா எல்லாமே ஹைப்பர் தைராய்டு, அதாவது தைராய்டு அளவுக்கு மீறி சுரக்குதுன்னு தான் சொல்லுது. ஆனா எனக்கு படபடப்பு இல்ல, கை நடுக்கம் இல்ல, வெயிட் குறையல, தூக்கமும் நல்லாவே வருது. டாக்டர் கழுத்த தொட்டுப் பாத்தாங்க, கைய நீட்டச் சொல்லி விரல் நடுங்குதான்னு பாத்தாங்க, அப்புறம் "முடி கொட்டுறதுக்கு ஏதாவது மாத்திர போடுறீங்களா?"ன்னு கேட்டாங்க. ஆமா, பயோட்டின்ங்கிற வைட்டமின், 10,000 மைக்ரோகிராம். பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 30 இருந்தாலே போதுமாம்! நிறைய லேப் மெஷின்ல டெஸ்ட் பண்ற கெமிக்கல்லயே பயோட்டின் சேர்ந்திருக்கும், நம்ம ரத்தத்துலயும் அது அளவுக்கு மீறி இருந்தா கணக்கு தப்பி டிஎஸ்ஹெச் கம்மியாவும் டி4 ஜாஸ்தியாவும் காட்டிரும், சுரப்பி என்னவோ நல்லா தான் வேலை செஞ்சுட்டு இருக்கும். குறைஞ்சது 2 நாளாவது நிறுத்திட்டு எடுக்கணும்னாங்க, நான் இன்னும் கொஞ்ச நாள் சேத்தே விட்டுட்டு எடுத்தேன், டிஎஸ்ஹெச் 2.1னு நார்மலா வந்துச்சு. ரிப்போர்ட்ட மட்டும் நம்பி ஹைப்பருக்கு மருந்து ஆரம்பிச்சிருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சா இப்பவும் பகீர்னு இருக்கு. லேப்ல ரத்தம் எடுக்குறவங்க இத ஒரு வார்த்த கேட்டா எவ்ளோ நல்லாருக்கும்.

தேன்மொழியாள்:
அக்கா எங்க வீட்ல வேற கூத்து. அம்மாவுக்கு ஃப்ரீ டி4 எப்பவும் 1.2 கிட்ட தான் இருக்கும், லேப் மாத்தினதும் 15.4னு வந்துச்சு, அம்மா அன்னிக்கு சரியா சாப்பிடவே இல்ல. பாத்தா யூனிட் வேற, பழைய லேப் நானோகிராம் பெர் டெசிலிட்டர், புதுசு பிகோமோல் பெர் லிட்டர், 12.87ஆல பெருக்கினா ரெண்டும் ஒண்ணு தான். நார்மல் ரேஞ்சும் லேபுக்கு லேப் மாறும், அதனால இப்ப ஒரே லேப்ல தான் எடுக்குறோம், அதுவும் காலைலயே, டிஎஸ்ஹெச் காலைல கூடவும் மதியத்துக்கு மேல கொஞ்சம் கம்மியாவும் இருக்குமாம். தைராக்ஸின் மாத்திரய (அதுவும் டி4 ஹார்மோன் தான்) அம்மா ரத்தம் குடுத்த அப்புறம் தான் போடுவாங்க, முன்னாடியே போட்டா டி4 ஏறி காட்டும்.

வானம்பாடி80:
எனக்கு டிஎஸ்ஹெச் 3.4, டி4 நார்மல், ஆனா டிபிஓ ஆன்டிபாடி (நம்ம உடம்பே தைராய்டுக்கு எதிரா உண்டாக்குற புரதம்) மட்டும் எக்கச்சக்கமா இருந்துச்சு. எல்லாரும் இது ஹாஷிமோட்டோ (நம்ம எதிர்ப்பு சக்தியே தைராய்ட தாக்குற நோய்), மாத்திர ஆரம்பி ஆரம்பின்னு பயமுறுத்தினாங்க. டாக்டர் பொறுமையா சொன்னாங்க, ஆன்டிபாடி இருந்தா பின்னாடி தைராய்டு குறைய வாய்ப்பு அதிகம், ஆனா இப்ப சுரக்குறது சரியா இருக்கே, வருஷத்துக்கு ஒரு தடவ டிஎஸ்ஹெச் பாத்தா போதும், அந்த ஆன்டிபாடி நம்பர திரும்ப திரும்ப எடுத்து காச கரைக்க வேணாம்னு. குழந்தைக்கு ப்ளான் பண்றதா இருந்தா மட்டும் முன்கூட்டியே வந்து சொல்லணும்னாங்க. அந்த நேரத்துல எப்படி பாத்துக்கிட்டாங்கன்னு அனுபவப்பட்டவங்க யாராவது இருந்தா எழுதுங்க ப்ளீஸ்.