லீராய் வகைப் பெயர்களுக்கு ஒரு கலைச்சொல்: அரசப்பெயரா, கோப்பெயரா, வேந்துவழிப் பெயரா?

முதல் மடல்

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

பெயரியல் சொற்றொகுதியில் ஓர் இடம் இன்னும் காலியாக இருக்கிறது. அரச பதவியிலிருந்தோ குறிப்பிட்ட ஓர் அரசரிடமிருந்தோ எடுத்து ஆண்குழந்தைகளுக்குச் சூட்டும் பெயர்களைச் சுட்ட நம்மிடம் சொல் இல்லை. ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் 'ராயல் நேம்' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறார்கள். அதை அப்படியே 'அரசப்பெயர்' என்று எடுத்துக்கொண்டால் அந்தக் குழப்பமும் கூடவே வந்துவிடும்.

எடுத்துக்காட்டுக்கு 'லீராய்' என்ற பெயரை முன்வைக்கிறேன். பழைய பிரெஞ்சில் 'லெ ராய்' என்றால் 'அரசன்'. 'ராய்' என்பது அரசனைக் குறிக்கும் இன்றைய பிரெஞ்சுச் சொல் 'ருவா'வின் பழைய எழுத்து வடிவம். முதலில் இது குடும்பப்பெயர். அரசனின் பணியில் இருந்தவர், விழாக்கூத்தில் அரச வேடம் கட்டியவர் என்று இத்தகையோருக்கு அடைமொழியாக ஒட்டி, வழிவழியாக நிலைத்தது. அது குழந்தைக்கு இடும் முதற்பெயராக மாறியது பிற்பாடு, பெரிதும் அமெரிக்காவில். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே முதல் நூறு ஆண்பெயர்களுக்குள் இருந்தது. பிறகு இறங்கிவிட்டது. எல்ராய், டெல்ராய் என்று கிளைகளும் உண்டு. டெல்ராய் ஜமைக்காவினரிடையே நன்கு வழங்கும் பெயர்.

ஆக மூன்று சொற்கள் வேண்டும். இந்த வகைப் பெயருக்கு ஒன்று, 'அரிய பெயர்' என்பதற்கு ஒன்று, 'பாப்புலாரிட்டி'க்கு ஒன்று. கடைசிச் சொல்லைப் 'புகழ்' என்றும் 'பிரபலம்' என்றும் எழுதுவது பிழை. ஒரு பெயரை எத்தனை பேர் சூட்டுகிறார்கள் என்பதுதான் கேள்வி. அந்தப் பெயரைத் தாங்கியவர் புகழ் பெற்றவரா என்பது வேறு செய்தி.

என் முன்மொழிவு: கோப்பெயர், அரும்பெயர், வழக்குவீதம்.

அன்புடன்.

மறுமொழி 1

> என் முன்மொழிவு: கோப்பெயர்

வணக்கம். 'கோ' அழகான சொல். கோப்பெருஞ்சோழன், கோப்பெருந்தேவி, கல்வெட்டில் 'கோப்பரகேசரி' என்று நீண்ட மரபு அதற்கு உண்டு. ஆனால் கணினித் தமிழில் 'கோப்புப்பெயர்' என்பது நிலைத்துவிட்ட சொல். 'கோப்பெயர்' அதற்கு இரண்டு எழுத்துதான் குறைவு. தட்டச்சுப் பிழை என்று நினைத்துப் பிழைதிருத்தி அதைக் 'கோப்புப்பெயர்' ஆக்கிவிடும். தேடுபொறியும் அப்படியே செய்யும். பெயர்த் தரவுத்தளத்தில் ஒரு புலத்தின் தலைப்பாகவே இந்தச் சொல் நிற்கப்போகிறது. அங்கே இப்படி ஒரு மோதல் வேண்டாம்.

'அரசப்பெயர்' வேறு விதத்தில் இடறும். வேகமாக எழுதுபவர் கையில் அது 'அரசுப் பெயர்' ஆகும். அரசாங்கம் வைத்த பெயர் என்று பொருள்படும்.

'அரும்பெயர்' பற்றியும் ஒரு சொல். 'அருமருந்து', 'அருந்தமிழ்' என்பவற்றைப் போல அது பாராட்டாக ஒலிக்கிறது. எண்ணிக்கையில் குறைவு என்ற பொருள் அதில் பின்னுக்குப் போய்விடுகிறது.

மறுமொழி 2

அன்பர்களே,

வகைப்பாட்டைச் செய்யாமல் சொல்லைத் தேடுகிறோம் என்று தோன்றுகிறது. கல்வெட்டுகளோடு பழகியவர்களுக்கு இது உடனே தெரியும். ஓர் அரசருக்கே பல வகைப் பெயர்கள் உண்டு.

முதலாம் இராசராசனுக்குப் பெற்றோர் இட்டது அருள்மொழி. 985இல் ஆட்சிக்கு வந்தபின் நிலைத்தது இராசராசன். இவை தவிர இராசகேசரி என்பதும் அவருக்கு உண்டு. அது அவருக்கே உரியதன்று. சோழர் இராசகேசரி, பரகேசரி என்று மாறி மாறிப் புனைந்துகொண்ட பட்டம். ஆகவே 'இராசகேசரி' என்று மட்டும் இருக்கும் கல்வெட்டை வைத்து அரசர் யாரென்று சொல்ல முடியாது. இயற்பெயர், ஆட்சிக்காலப் பெயர், விருதுப்பெயர் என்று மூன்றையும் பிரிக்காவிட்டால் ஆண்டுக் கணக்கே தவறும்.

ஆங்கிலத்தில் 'ரீக்னல் நேம்' என்பது இவற்றில் இரண்டாவது. அதற்கு முடிசூட்டுப்பெயர் என்று வைக்கலாம். நம் மொழியில் முடியையும் சூட்டுகிறோம், பெயரையும் சூட்டுகிறோம். ஒரே வினை இரண்டையும் தாங்குகிறது. இதைவிடப் பொருத்தமாக வேறொன்று எனக்குத் தோன்றவில்லை.

லீராய் இதில் எங்கும் வராது. அதைத் தாங்கியவர் யாரும் அரசரல்லர். குடிமகன் ஒருவர் தன் பிள்ளைக்குப் பதவியின் பெயரை இடுகிறார். அதற்கு இலக்கணத்திலிருந்தே 'பதவியாகுபெயர்' என்று ஆக்கிக்கொள்ளலாமே?

மறுமொழி 3

> பதவியாகுபெயர்

இதை ஏற்க முடியவில்லை, ஐயா. 'ஊர் சிரித்தது' என்றால் ஊர் அந்த வாக்கியத்துக்குள் மட்டுமே மக்களைக் குறிக்கிறது. வாக்கியம் முடிந்ததும் ஊர் மறுபடி ஊராகிவிடும். லீராய் அப்படியன்று. பிறப்புப் பதிவேட்டில் ஏறியபின் அது அவருடைய பெயர், நிலையாக. பொருளாகுபெயர், இடவாகுபெயர், காலவாகுபெயர் என்று படித்த மாணவருக்குப் 'பதவியாகுபெயர்' அந்த வரிசையில் இன்னொன்றாகவே தெரியும். இலக்கண வகுப்பில் குழப்பம் விளைவிக்கும்.

நன்னூலின் வேறொரு பகுப்பு இங்கே உதவும்: இடுகுறியும் காரணமும். அடைமொழியாக இருந்தபோது 'லெ ராய்' காரணப்பெயர். அந்த ஆளுக்கும் அரசனுக்கும் ஏதோ ஒரு தொடர்பு இருந்தது. முதற்பெயர் ஆனபோது அது ஏறத்தாழ இடுகுறி. பிரெஞ்சு அறியாத பெற்றோர் ஒலிக்காகவே வைக்கிறார்கள். இந்த நகர்வு நம் வரையறையில் கட்டாயம் இடம்பெற வேண்டும்.

முடிசூட்டுப்பெயரிலும் ஒரு சிக்கல். எட்டாம் எட்வர்டு 1936 ஜனவரியில் அரசரானார், அதே ஆண்டு டிசம்பரில் பதவி துறந்தார். முடிசூட்டு விழா நடக்கவேயில்லை. ஆனாலும் 'எட்வர்டு' அவருடைய ஆட்சிப் பெயர்தான். வீட்டில் அவரை டேவிட் என்றே அழைத்தார்கள். அவருக்குப்பின் வந்த தம்பி ஆல்பர்ட், ஜார்ஜ் என்ற பெயரோடு ஆண்டார். பெயர் விழாவோடு வருவதில்லை, ஆட்சியுரிமையோடு வருகிறது. அதனால் அரியணைப்பெயர் என்பது பாதுகாப்பானது. 'முடிசூட்டு'வில் இருக்கும் நயத்தை விட மனமில்லைதான், ஆனால் வரையறையில் ஓட்டை விழுகிறது.

மறுமொழி 4 (மறுமொழி 2 எழுதியவர்)

ஒப்புக்கொள்கிறேன். சோழர் பக்கமிருந்தும் அரியணைப்பெயருக்கே சான்று கிடைக்கிறது. முதலாம் குலோத்துங்கன் 1070இல் ஆட்சி ஏறினார். ஆட்சியின் தொடக்கக் கல்வெட்டுகளில் இராசேந்திரன் என்றே வருகிறார், குலோத்துங்கன் என்பது அதன்பின் வருகிறது. ஏறிய நாளோடு பெயரைக் கட்டினால் இவர் வெளியே நிற்பார். 'அரியணையில் இருந்தபோது வழங்கிய பெயர்' என்றால் உள்ளே வந்துவிடுவார். பதவியாகுபெயரைத் திரும்பப் பெறுகிறேன்.

மறுமொழி 5

வணக்கம்.

பெயர் மூலங்களைப் பற்றி எச்சரிக்கையாக ஒன்று சொல்ல வேண்டும். 'ராய்' என்ற தனிப்பெயரை லீராயோடு சேர்த்து 'அரசன்' என்று பல பட்டியல்கள் எழுதுகின்றன. ராய் ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் 'சிவப்பு' என்று பொருள்படும் சொல்லின் வழி வந்தது. செம்முடி கொண்டவருக்கு இட்ட பெயர். ஸ்காட்லாந்தின் நாட்டுப்புற வீரர் ராப் ராய் மக்ரெகருக்கு அது அமைந்ததும் முடி நிறத்தால்தான். பிரெஞ்சுச் சொல்லின் ஒலியொற்றுமை பிறகு மேலே படிந்தது.

லியோபோல்டு இன்னொரு வகை. சொல்மூலம் ஜெர்மானியம்: 'மக்கள்' என்பதும் 'துணிவுள்ள' என்பதும் சேர்ந்தது. சிங்கத்துக்கும் அதற்கும் உறவில்லை, ஒலிதான் அப்படி நினைக்க வைக்கிறது. சொல்லில் அரசன் இல்லை. ஆனால் 1831இல் பெல்ஜியத்தின் முதல் அரசரானவர் லியோபோல்டு. அவருடைய மருமகள் முறையான விக்டோரியா அரசி 1853இல் பிறந்த தன் மகனுக்கு அதே பெயரை வைத்தார். இங்கே அரசத்தன்மை ஆளின் வழி வருகிறது. அதே ஆள்வழி பெயரைக் கெடுக்கவும் செய்யும்: 1885 முதல் 1908 வரை காங்கோவைத் தன் உடைமையாக வைத்து வதைத்த இரண்டாம் லியோபோல்டின் நிழல் இன்னும் அந்தப் பெயர்மேல் இருக்கிறது. பதவிவழிப் பெயருக்கு இந்த ஆபத்து குறைவு, ஏனென்றால் அது யாரோ ஒருவரைச் சுட்டுவதில்லை.

பேசில்? கிரேக்கத்தில் 'அரசனுக்குரிய' என்று பொருள். ஆனால் அது பரவியது 4ஆம் நூற்றாண்டுப் புனிதர் பேசிலால். ரஷ்ய மொழியில் வசீலி ஆனதும் திருச்சபை வழியே. சொல்மூலம் அரண்மனையில், பரவிய வழி கோயிலில். எனவே சொல்மூலம், சூட்டிய காரணம் என்று இரண்டு தனிப் புலங்கள் வைத்தாக வேண்டும். ஒரே புலத்தில் இரண்டையும் திணித்தால் ராய், லியோபோல்டு, பேசில் மூன்றும் தவறாகவே பதிவாகும்.

மறுமொழி 6 (முதல் மடல் எழுதியவர்)

கோப்பெயரை விட்டுவிடுகிறேன். வேந்துவழிப் பெயர் என்று வைப்போமா? 'வேந்து' அரசனையும் அரசத்தன்மையையும் ஒருசேரக் குறிக்கும் பழஞ்சொல். இன்றைய அரசாங்கத்தோடு மயங்காது, கோப்போடு முட்டாது. 'வழி' இருப்பதால் பெயரைத் தாங்குபவர் அரசரல்லர் என்பதும் தெளிவு. அதற்குள் இரு பிரிவு: லீராய், ரெக்ஸ் (லத்தீனில் 'அரசன்') போன்றவை பதவிவழிப் பெயர், லியோபோல்டு போன்றவை வேந்தர்நினைவுப் பெயர். கி.மு. 27இல் ஆக்டேவியனுக்கு ரோமானிய மன்றம் வழங்கிய 'அகஸ்டஸ்' இரண்டுக்கும் நடுவில் நிற்கும். பட்டமாகப் பிறந்து ஓர் ஆளோடு ஒட்டிக்கொண்டது. அதைச் சூட்டிய காரணத்தை வைத்தே வகைப்படுத்த வேண்டும்.

இனி எண்ணிக்கைப் பக்கம். இங்கேதான் பட்டியல்கள் அதிகம் சறுக்குகின்றன.

அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் 1880 முதலான பிறப்புகளுக்குப் பெயர் எண்ணிக்கை வெளியிடுகிறது. ஓர் ஆண்டில் ஐந்துக்குக் குறைவாகச் சூட்டிய பெயரைத் தனியுரிமை கருதி நீக்கிவிடுவார்கள். இங்கிலாந்து, வேல்ஸ் பட்டியலில் அந்த வரம்பு மூன்று. ஓர் ஆண்டு ஆறு பேர், மறு ஆண்டு நான்கு பேர் என்றால் அமெரிக்கப் பட்டியலில் பெயர் 'மறைந்துவிட்டது'. உண்மையில் குறைந்தது இருவர்தான். 'பட்டியலில் இல்லை' என்பதை 'யாரும் சூட்டவில்லை' என்று எழுதக்கூடாது. அரிய பெயருக்கு ஓராண்டுத் தரவை நம்பாமல் ஐந்தைந்து ஆண்டாகக் கூட்டிப் பாருங்கள்.

எழுத்து வடிவமும் கணக்கை மாற்றும். அமெரிக்கத் தரவில் இடைவெளியும் இணைப்புக்கோடும் நீங்கிவிடுவதால் சேர்த்தெழுதிய லீராயும் பிரித்தெழுதிய லீ ராயும் ஒன்றாகிவிடுகின்றன. நடுவில் ஓர் எழுத்து கூடினால் மட்டும் தனிப் பெயர். அந்தத் தரவு சமூகப் பாதுகாப்பு எண் அட்டைக்கு விண்ணப்பித்தவர்களிடமிருந்து வருவது. 1937க்கு முன் பிறந்த பலர் விண்ணப்பிக்கவேயில்லை என்பதால், லீராய் ஓங்கியிருந்த காலத்து எண்ணிக்கை உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும்.

தரவரிசையை மட்டும் தருவதும் போதாது. வரிசையின் அடிப்பகுதியில் பெயர்கள் நெருக்கமாக நிற்பதால் சில குழந்தைகள் கூடினாலே பல இடங்கள் தாவும். ஆயிரம் ஆண்பிறப்புக்கு எத்தனை என்று சொன்னால்தான் ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட முடியும். பிறந்த 20,000 ஆண்குழந்தைகளில் 10 பேருக்கு ஒரு பெயர் என்றால் அதன் வழக்குவீதம் 0.5.

மறுமொழி 7

வழக்குவீதம் நன்று. அரும்பெயருக்குப் பதில் இரண்டு சொல் வைக்கலாம். அகராதிகளில் 'அருகிவரும் வழக்கு' என்ற குறிப்பு நமக்குப் பழக்கமானது. ஒருகாலத்தில் பரவி இன்று சுருங்கிய லீராய் அருகிய பெயர். எக்காலத்திலும் சிலரே சூட்டியது அரிய பெயர். கேட்க ஒன்றுபோல் இருந்தாலும் இரண்டின் வரலாறு வெவ்வேறு: முன்னதைத் தாங்கிய முதியவர்கள் இருப்பார்கள், பின்னதுக்கு அவர்களும் இருக்க மாட்டார்கள்.

மறுமொழி 8

எல்லாரும் ஏற்றதாகக் கொண்டு பதிவை இப்படி எழுதியிருக்கிறேன். திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

*வேந்துவழிப் பெயர்*: அரச பதவியைக் குறிக்கும் சொல்லிலிருந்தோ குறிப்பிட்ட அரசரின் பெயரிலிருந்தோ எடுத்து, அரசரல்லாதவருக்குச் சூட்டும் இயற்பெயர். சூட்டும்போது சொற்பொருள் உணரப்பட்டிருக்க வேண்டும் என்பதில்லை. எ-டு: லீராய், ரெக்ஸ், லியோபோல்டு. இதில் அடங்காதவை: ராய் (மூலம் வேறு), இராசகேசரி (விருதுப்பெயர்), ஆறாம் ஜார்ஜின் 'ஜார்ஜ்' (அரியணைப்பெயர்).

ஒன்று மட்டும் எஞ்சுகிறது. சீசர் என்ற ஆள்பெயர் ஜெர்மனியில் கைசர் என்றும் ரஷ்யாவில் ஜார் என்றும் பதவியானது. கார்ல் (சார்லிமேன்) என்ற பேரரசரின் பெயரே போலந்து மொழியில் 'குருல்', செக் மொழியில் 'கிரால்' என்று அரசனைக் குறிக்கும் பொதுச்சொல் ஆயிற்று. வேந்துவழிப் பெயரின் நேர் எதிர்த்திசை இது. 'பெயர்வழிப் பட்டம்' என்று எழுதிவைத்திருக்கிறேன். 'பட்டம்' இங்கே பல்கலைக்கழகப் பட்டத்தோடு மயங்குமா என்று பார்த்துச் சொல்லுங்கள்.